கத்தியில் தேய்ந்த மாவட்டம்

காலை ஒன்பதே கால், பொம்மிடி. இந்த ஊரில் ரயில் மூச்சு வாங்கும் நேரம்தான் நிற்கும். யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைச் சேலத்துக்குக் கொண்டுபோய்விடும். நான் யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வெற்றிலைக் கட்டு வைத்திருந்த ஒருவர் என் முழங்காலை இடித்து, "எறங்கறதுன்னா எறங்குங்க, இல்லன்னா காலயாச்சும் மடக்குங்க" என்றார். இறங்கினேன். கார்த்திகைத் தூறல். நடைமேடையின் சிமெண்டு மீன் தோல் மாதிரி மினுங்கியது. நான் வந்த ரயில் போன பிறகு தண்டவாளத்தின் மேல் மழை விழும் சத்தம் மட்டும் மிச்சம்.

ஊர் ஊராகப் போய் எழுதுவது என் பழக்கம். காட்பாடியில் வீடு என்று ஒன்று இருக்கிறது. அங்கே நான் பெட்டியை மாற்றிக்கொள்வேன். இந்தத் தடவை போனது ஊர் பார்க்க அல்ல. சித்தேரி மலையில் ஒரு வீட்டில் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. அது எந்தக் காலத்தில் செய்தது என்று தெரிந்துகொண்டு, இருட்டுவதற்குள் இண்டூருக்குப் போய் என் அண்ணியிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் அண்ணன் அண்ணாமலை தருமபுரியில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவராக இருந்தார். சீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அவர் மடியில் குடத்தைக் கவிழ்த்து வைத்து, சிறு உளியால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக அந்தப் பெயரை எழுப்புவார். எழுத்தே புள்ளிகளால் ஆனதென்றால், மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி எப்படித் தெரியும்? அது கூட்டத்தில் தொலைந்துபோகும். அதனால் அண்ணன் அந்த இடத்தில் நாலு புள்ளி வைப்பார், சின்னக் கோலம் மாதிரி. "எழுத்துக்குப் பொட்டு வைக்கிறியாடா?" என்று கடை முதலாளி திட்டுவார். கல்யாணப் பெண்களுக்கு அது பிடித்திருந்தது. அந்த நாலு புள்ளியை வேறு யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரமாவது வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், மதியச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பியவர் கடைக்குப் போகவில்லை. திரும்பி வரவும் இல்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மகள் தமிழ்ச்செல்விக்கு அப்போது நாலு வயது. தேடாத இடம் இல்லை. பிறகு தேடவில்லை. அண்ணி மல்லிகா பொட்டை அழிக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

தமிழ்ச்செல்வி இப்போது நர்ஸ். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சடிக்க வேண்டும். அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போடுவதா வேண்டாமா? இந்த ஒரு சொல் இண்டூர் வீட்டில் எல்லோர் தொண்டையிலும் முள்ளாக நின்றது. போட்டால், உயிரோடு இருக்கிறவரைக் கொன்ற மாதிரி. போடாவிட்டால், மேடையில் காலியாக ஒரு நாற்காலி. மாப்பிள்ளையின் மாமனார் எங்கே என்று நூறு பேர் கேட்பார்கள். அந்த நேரத்தில்தான் சித்தேரியில் ஒரு மருத்துவ முகாமுக்குப் போன தமிழ்ச்செல்வி, ஒருவர் கொய்யாப்பழம் அறுத்துக்கொண்டிருந்த கத்தியைப் பார்த்தாள். கைப்பிடியில் 'அண்ணாமலை' என்று வெட்டியிருந்தது. 'ண்' தலையில் நாலு புள்ளி. அவள் பால் குடித்த டம்ளரில் இருந்த அதே நாலு புள்ளி. ஒன்றும் கேட்காமல் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டாள்.

"நீயே கேட்டிருக்கலாமே பாப்பா" என்றேன் போனில்.

"கேக்க வாய் வரல சித்தப்பா. நீங்க போங்க. நான் வரல."

அண்ணியும் படத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எந்த வருசத்துக் கத்தின்னு பாத்துட்டு வாங்க தம்பி. அவரு போன காலத்துதுன்னா, போறப்ப கையில கொண்டுபோனதா இருக்கும். மலையில கெடக்குதுன்னா ஆளும் அங்கியே முடிஞ்சிருப்பாரு. தெய்வத்திரு போட்டுக்கலாம். அதுக்குப் பின்னாடி செஞ்சதுன்னா…"

முடிக்கவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பு எரியவில்லை, எனக்குத் தெரியும்.

பின்னாடி செஞ்சதுன்னா அண்ணன் போன பிறகும் உயிரோடு இருந்திருக்கிறார், உளி பிடித்திருக்கிறார், வரவில்லை. அதனால், சொல்லவே நாக்கூசுகிறது, கத்தி பழசாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பொம்மிடி ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்தேன்.

பத்து மணிக்கு அரூர் பஸ். பாப்பிரெட்டிப்பட்டி வரை வெற்றிலைக் கொடிக்கால்கள் ஈரத்தில் கறுத்து நின்றன. ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டதால் மழை என் இடது தோளில் மட்டும் பெய்தது. பக்கத்தில் ஒரு பெரியவர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் போல, சட்டைப் பையில் மூன்று பேனா. நான் போனில் கத்தியின் படத்தைப் பெரிதாக்குவதையும் சிறிதாக்குவதையும் பார்த்துக்கொண்டே வந்தவர், பொறுக்க முடியாமல் தலையை நீட்டினார்.

"பேனாக்கத்திங்களா? எவ்ளோ பழசுன்னு பாக்கறீங்களா? எழுத்தப் பாருங்க சார். 'ணா'வுக்குக் கால் போடாம உள்ளயே சுழிச்சிருக்குது. 'லை'க்குத் தும்பிக்கை. எழுத்து மாத்தறதுக்கு முன்னாடி வெட்டினது. நாப்பத்தஞ்சு அம்பது வருசம் இருக்கும், கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம்."

முன் சீட்டுக்காரர் திரும்பி வாங்கிப் பார்த்தார். "வெள்ளக்காரன் காலத்துதுங்க. இந்த இரும்பு இப்ப எங்க கெடைக்குது?"

"வெள்ளக்காரன் எதுக்குய்யா அண்ணாமலைன்னு பேரு வெட்டறான்?" என்றார் பெரியவர்.

"ஏன், அவன்கிட்ட வேலை பாத்தவன் பேரா இருக்கக் கூடாதா?"

இரண்டு பேரும் வெள்ளைக்காரனைப் பாப்பிரெட்டிப்பட்டி வரை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் சிரித்தேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. பெரியவர் சொன்ன தப்பை நானும் செய்ய ஆசைப்பட்டேன். ஆனால் அண்ணன் படித்தது பழைய எழுத்துக் காலத்தில். எழுத்தை மாற்றி எத்தனை வருடம் ஆன பிறகும் அவருடைய கை மாறவில்லை. வாடிக்கையாளர் சீட்டில் 'லை' என்று புது மாதிரி எழுதிக் கொடுத்தாலும் குடத்தில் தும்பிக்கைதான் எழும்பும். கை பழசு என்பதால் கத்தி பழசாகிவிடாது. எழுத்து என் அண்ணனின் வயதைச் சொல்கிறது. கத்தியின் வயதைச் சொல்லவில்லை.

அதைச் சொல்லக்கூடியது மறுபக்கம். அங்கே இயந்திரத்தில் அழுத்திய எழுத்துகள். உரக்கடை ஒன்று தன் வாடிக்கைக் குடியானவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கத்தி அது. கடையின் பெயர் போய்விட்டது. 'உரம், பூச்சி மருந்து' என்று ஒரு வரி. அதன் கீழே 'ஊத்தங்கரை'. அதற்கும் கீழே, கத்தி பிடிக்கிறவனின் பெருவிரல் உட்காரும் இடத்தில், தேய்ந்து வழவழத்த ஒரு வெறுமை. அந்த வெறுமை முடியும் இடத்தில் 'ரி மாவட்டம்'.

எந்த ரி? ஊத்தங்கரை முன்பு தருமபுரி மாவட்டம். இரண்டாயிரத்து நான்கில் மாவட்டத்தைப் பிரித்தபோது கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது. இரண்டு பெயரும் ரியில்தான் முடிகின்றன. தேய்ந்த இடத்தில் இருந்தது 'தருமபு' என்றால், கத்தி பிரிவினைக்கு முன்னால் செய்தது; பழசு என்று சொல்லிவிடலாம். 'கிருஷ்ணகி' என்றால் பின்னால் செய்தது. அண்ணன் போய் நாலு வருடமாவது கழித்து. என் குடும்பத்தின் இருபத்துச் சொச்ச வருடமும் ஒரு பெருவிரல் அகலத்துக்குள் அடங்கியிருந்தது.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டு பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். தருமபுரி சின்னப் பெயர். கிருஷ்ணகிரி நீளம். 'ஊத்தங்கரை'க்கு நேர் கீழே நடுவில் அந்த வரி வர வேண்டுமென்றால், இடது பக்கம் எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும்? விரலால் திரையில் அளந்தேன். பஸ் குலுங்கியது. மறுபடி அளந்தேன். 'தருமபு'வுக்கு அந்த வெறுமை கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது. போனை அணைத்துப் பையில் போட்டேன். படம்தானே, சாய்ந்து எடுத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன்.

அரூரில் பன்னிரண்டு மணி. சித்தேரி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பரோட்டாக் கடையில் தக்காளி சாதம் கேட்டேன்; குளிர்ந்த பொங்கல் வந்தது; சாப்பிட்டேன். இங்கிருந்து மலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸுக்குள் அரிசி மூட்டைகள், ஒரு கேஸ் சிலிண்டர், கழுத்தில் சாக்குக் கட்டிய ஒரு சேவல்.

"சித்தேரியா? போட்டோ எடுக்கவா, நெலம் பாக்கவா?" என்றார் கண்டக்டர்.

"ஒருத்தர பாக்க."

"அதுக்கெல்லாம் யாரும் போவ மாட்டாங்களே" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார்.

அடிவாரம் தாண்டியதும் சாலை தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் சமவெளி ஒரு தடவை தெரிந்து மறைந்தது, கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஆள் மாதிரி. மேகம் மரங்களுக்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தார். எதிரே எதுவும் வரவில்லை. மலைகளைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். உயரம், காற்று, பச்சை என்று. அன்றைக்கு இந்த மலை எனக்கு ஒரே ஒரு விஷயமாகத்தான் இருந்தது: ஒரு ஆள் கண்ணில் படாமல் இருப்பதற்கு வசதியான இடம்.

இரண்டு மணிக்கு இறங்கினேன். தமிழ்ச்செல்வி சொன்ன அடையாளம்: ரேஷன் கடையைத் தாண்டி, நீலக் கதவு. வாசலில் தார்ப்பாயில் சாமை காயப் போட்டு, மழைக்கு அவசரமாக மூடிக்கொண்டிருந்தார்கள் ஒரு புருஷனும் பெண்சாதியும். கோவிந்தன், முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி வள்ளி. நானும் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். அதனால் யார் என்று கேட்பதற்கு முன்பே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

நர்ஸம்மாவின் சித்தப்பா என்றேன். "அந்தப் பொண்ணு ஊசி போட்டா வலிக்கவே வலிக்காதுங்க" என்றாள் வள்ளி. கத்தியைப் பார்க்க வந்தேன் என்றதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மடக்குச் சூரிங்களா? அது எதுக்கு சார்?"

"அதுல அண்ணாமலைன்னு பேர் இருக்கு. அது எங்கண்ணன் பேரு."

கோவிந்தன் சிரித்தார். "எங்கப்பா பேருங்க சார் அது! எங்கப்பாதான் அண்ணாமலை. அவரு சூரி. அவரு போய்ச் சேந்து அஞ்சு வருசம் ஆவுது."

அண்ணாமலைகளுக்கா இந்தப் பக்கம் பஞ்சம்! கத்தி அண்ணனுடையதே இல்லை. வெட்டியது மட்டும் அண்ணன். தருமபுரிக் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், சந்தைக்கு வந்த ஒரு மலைக்காரருக்கு வெட்டிக் கொடுத்திருப்பார். அவ்வளவுதான் கதை. இறந்ததற்கும் சாட்சி இல்லை, இருந்ததற்கும் சாட்சி இல்லை. இத்தனை வருடம் இருந்த மாதிரியே இருந்துவிட்டுப் போகலாம். வள்ளி கொடுத்த காப்பியை, அப்போதுதான் அது சூடாக இருப்பது தெரிந்து, ஊதிக் குடித்தேன்.

"தருமபுரியில வெட்டினாரா உங்கப்பா?" என்று சும்மா கேட்டேன்.

"இல்லீங்க. தீர்த்தமலையில. மாசித் தேருக்குப் போனப்ப. கடை வரிசையில ஒருத்தரு உக்காந்து பேரு வெட்டிக்கிட்டு இருந்தாராம். இவரு போயி, 'என் பேரு அண்ணாமலை, வெட்டுய்யா'ன்னு நீட்டியிருக்காரு. அந்தாளு ரொம்ப நேரம் சூரியையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, 'என் பேரும் அதாங்க'ன்னாராம். வெட்டிட்டு காசு வாங்கலயாம். எங்கப்பா குடிச்சா இதத்தான் சொல்வாரு. 'என் பேர அவன் பேரு மாரி வெட்டினான்டா'ன்னு."

"குடிக்காட்டியும் சொல்வாரு" என்றாள் வள்ளி.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். தீர்த்தமலைக்கு அண்ணன் கடையிலிருந்து போனதே இல்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாமே? கடை விடுமுறை நாளில், திருவிழாக் கூட்டத்தில் நாலு பேருக்கு வெட்டலாம் என்று, அங்கிருந்த காலத்திலேயே? இருக்கலாம். இன்னும் இருக்கலாம்.

"எந்த வருசம் தெரியுங்களா?"

"நான் சின்னப் பையன். மேல ரோடு போடறதுக்கு முன்னாடி."

"என்னாத்த முன்னாடி?" என்றாள் வள்ளி. "உங்கப்பா தேருக்குப் பஸ்ஸுல போனேன்னுதான சொல்வாரு? ரோடு இல்லாம பஸ்ஸு பறந்து வந்துச்சா?"

"அரூருல இருந்து பஸ்ஸுல போனதுடி. அரூருக்கு நடந்து போயிருப்பாரு."

"உங்கப்பாவா? கறிக்கடைக்கே நடக்க மாட்டாரு."

"அவரு வயசுப் பையனா இருந்தப்ப நீ பாத்தியா?"

"அப்ப நீயே பொறக்கல. அப்புறம் எப்படிச் சின்னப் பையன்?"

அவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புரிந்தது, இவர்களிடம் வருடம் இல்லை. ரோடு இருக்கிறது, தேர் இருக்கிறது, அப்பா குடித்தது இருக்கிறது. வருடம் அந்தக் கத்தியில் மட்டும்தான் இருக்கிறது. கேட்டேன். கோவிந்தன் பரண் மேலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார்.

கையில் எடுத்தபோது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அலகில் ஒரு ஓரம் பல் விழுந்திருந்தது. மடக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் வாசம். 'ண்' தலையில் நாலு புள்ளியையும் விரல் நுனியால் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரிந்திருக்கும். திருப்பினேன். வெளிச்சத்தில் சாய்த்தேன். வெறுமை. டிக்கெட்டை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன், கறுப்புதான் வந்தது. பிறகு, கல்வெட்டு படிக்கிறவர்கள் மாவு பூசுவார்கள் என்பது ஞாபகம் வந்து, ஒரு பிடி ராகி மாவு கேட்டேன்.

"சூரிக்குப் பவுடர் போடறாரு பாரு, பொண்ணு பாக்க வராங்களாட்டம்" என்று வள்ளி சிரித்துக்கொண்டே சட்டியை நீட்டினாள்.

மாவை அழுத்தித் தேய்த்தேன். உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்தேன். பெரும்பாலும் போய்விட்டது. மயிரிழைக் கீறல்களில் மட்டும் வெளுத்த கோடுகள் தங்கின. முதலில் ஒன்றும் புரியவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனேன். 'ரி'க்கு முன்னால் இருந்த எழுத்தின் தலைக்கு மேல் ஒரு வளைவு. பிறை மாதிரி, வெள்ளையாக. 'பு'வுக்குத் தலைக்கு மேல் எதுவும் இல்லை. அது கீழேதான் சுழியும். தலைக்கு மேல் வளைகிற எழுத்து 'கி'. அதற்கு வெகுதூரம் இடது பக்கத்தில், தருமபுரி எட்டவே முடியாத தூரத்தில், இன்னொரு பிறை. இன்னொரு 'கி'.

கிருஷ்ணகிரி மாவட்டம்.

மழை தார்ப்பாயின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஊரே ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. ஒன்றும் நடக்கவில்லைதான். நடந்தது எப்போதோ, தீர்த்தமலையில், தேர்க் கூட்டத்தில், தன் பெயரைத் தாங்கி வந்த ஒரு அந்நியனின் முன்னால் என் அண்ணன் உளியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோதே. வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரம்.

கோவிந்தனிடம் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோவிந்தன் கத்தியை மடக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், கோச்சுக்காதீங்க. இது எங்கப்பா சூரி. குடுக்க முடியாது."

"வேணாங்க. கேக்க வரல."

"உங்கண்ணியார் ஒரு வாட்டி பாக்கணும்னா கூட்டிட்டு வாங்க. எப்ப வேணா வாங்க. நம்ம வூடு மாரி."

மூன்றரைக்குக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ். இறங்கும்போது வளைவுகளை நான் பார்க்கவில்லை. கையில் ராகி மாவு ஒட்டியிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அரூரில் பஸ் மாறி, தருமபுரியில் பஸ் மாறி, இண்டூருக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம் கொஞ்சம் தாண்டியிருந்தது. பயணம் செய்கிறவனுக்கும் விட்டுப் போகிறவனுக்கும் ஒரே பஸ், ஒரே டிக்கெட், ஒரே ஜன்னல். ஏறும்போது பார்த்தால் எவன் எது என்று சொல்ல முடியாது. அண்ணி என்னை அடிக்கடி கேலி பண்ணுவாள்: "நீங்களும் அந்தக் காலுதான் தம்பி. என்ன, உங்களுக்கு வழி மறக்கறதில்ல." தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டால் போதும், சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணம் கால் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த ஒரு கணத்தில் அண்ணனை எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அது பிடிக்கவில்லை. இண்டூர் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் தமிழ்ச்செல்வி டியூட்டி உடையிலேயே உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் மஞ்சள் தடவாத மாதிரிப் பத்திரிகை. அண்ணி எவர்சில்வர் படியில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். சீர்ப் பாத்திரம். வயிற்றில் 'மல்லிகா'. 'ல்' தலையில் நாலு புள்ளி.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு அண்ணி."

"பழசா, பின்னாடி செஞ்சதா?"

தமிழ்ச்செல்வி என்னைப் பார்க்கவில்லை.

"பின்னாடி செஞ்சது. மாவட்டம் பிரிச்சதுக்கு அப்புறம். கத்தி வேற ஒருத்தருது. ஆனா பேரு வெட்டினது அண்ணன்தான். தீர்த்தமலைத் தேர்ல."

அண்ணியின் கை படியோடு அரிசிக்குள் நின்றது.

"மாசித் தேரா?"

"ஆமா."

"நான் போயிருக்கேன்" என்றாள். அழவில்லை. யாரோ ஒருவருடைய விலாசத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். "அவரு வந்துடணும்னு வேண்டிக்கிட்டு வருசா வருசம் போனேன். இவளையும் இழுத்துக்கிட்டு. அந்தக் கடை வரிசையிலதான் இவளுக்கு வளையல் வாங்குவேன்."

தெருவில் யாரோ பால் வண்டியின் ஸ்டாண்டைப் போட்டார்கள். அண்ணி படியைத் தலை தட்டி, அரிசியைப் பானையில் கொட்டி, மறுபடி அளந்தாள். அளந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தெய்வத்திரு போட வேண்டாம்."

"சரி அண்ணி."

"பேரும் போட வேண்டாம்."

நான் பத்திரிகையை எடுத்தேன். 'இண்டூர் திரு. அண்ணாமலை - திருமதி மல்லிகா தம்பதியரின் புதல்வி.' பேனாவால் அடித்தேன். முதல் பெயரை அடித்தால் 'தம்பதியர்' நிற்காது. அதையும் அடித்தேன். 'இண்டூர் திருமதி மல்லிகா அவர்களின் புதல்வி.' வாசித்துக் காட்டினேன். தலையாட்டினாள்.

அப்போது தமிழ்ச்செல்வி தன் பெயரின் மேல் விரலை வைத்தாள். "இனிஷியல் இருக்கேம்மா. 'அ'. இத என்ன பண்றது?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் பார்த்தாள்.

"சர்டிபிகேட்டு, வேல, எல்லாத்துலயும் அதான் இருக்குது. அத எங்க போயி மாத்தறது?" என்றாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி: "அந்த ஒரு எழுத்து இருந்துட்டுப் போவுட்டும்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். கட்டுச் சோறு கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் மடியில் டப்பா சுட்டது. மூடியில் அவள் பெயர், அதன் மேல் நாலு புள்ளி. பொம்மிடி வரைக்கும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தேன். காட்பாடியில் என் வீட்டுச் சாவி வழக்கம்போல் சட்டென்று திறக்கவில்லை. ஆளில்லாமலே பழகிய பூட்டு. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.